ஜமீனின் இரண்டு காதுகள்

பந்தலுக்கு நான்கு கால் என்பதால் அந்தப் பந்தல்காரர்கள் எந்தக் காரியத்தையும் நான்கு பேராகவே செய்தார்கள். சடையாண்டி, ஒச்சப்பன், காசிமாயன், சன்னாசி. நாய் வளர்த்தபோதும் நான்கு பேருமாக ஒரே குட்டியை வளர்த்தார்கள். அதன் பெயர் ஜமீன். தொங்கு காது. ஆவணி பிறந்ததிலிருந்து அந்தக் காதுகளில் மூன்று நாள் புளித்த மாவின் வாடை அடித்தது.

அவர்கள் குடியிருந்த ஷெட்டுக்குச் சொந்தக்காரியான தங்கப்பேச்சி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில வந்து மோந்து பாப்பேன். நாத்தம் இருந்துச்சு, நாய் இங்க இருக்கக் கூடாது."

அன்று நான்கு பேரும் துக்கத்தில் சாப்பிடவில்லை. நான்கு பேர் சோற்றையும் ஜமீன் சாப்பிட்டது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா காதைப் புரட்டிப் பார்த்தார். "அழுக்கும் ஈரமும் சேந்து புண்ணாயிருக்கு. காலையில மூணு சொட்டு, சாயங்காலம் மூணு சொட்டு விடுங்க. விட்டதும் தலைய ஆட்டும். குச்சி விட்டுக் குடையாதீங்க. காதைக் காத்தாட வைங்க. தண்ணி படாம பாத்துக்கங்க."

ஷெட்டுக்கு வந்து மருந்துப் புட்டியை எடுத்தார்கள். ஜமீன் தலையை ஆட்டியது.

"ஆட்டிருச்சு. மருந்து விட்டாச்சு," என்றான் ஒச்சப்பன்.

சடையாண்டி புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நெறைய இருக்கே மாப்ள."

"அப்ப வேண்டாம்ங்குது."

"வேண்டாம்ங்கிறவனுக்கு எப்படி விடுறது?"

நெடுநேரம் யோசித்தார்கள். காசிமாயன் குட்டியின் முன்னால் உட்கார்ந்தான். "கேக்குற விதமா கேக்கணும். ஏப்பா ஜமீனு, மருந்து வேண்டாமா?"

ஜமீன் தலையை ஆட்டியது.

"வேண்டாமான்னு கேட்டேன், இல்லேங்குது. அப்ப வேணும்."

மூன்று சொட்டு விட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வேளையும் இப்படிக் கேட்டுத்தான் விட்டார்கள்.

காற்றாட வைப்பது அவர்களுக்குத் தெரிந்த தொழில். இரண்டு மூங்கில் நட்டார்கள். வேட்டியைக் கிழித்த நாடாவால் இரண்டு காதுகளையும் மெல்லத் தூக்கிக் கட்டினார்கள்.

"இந்தப் பக்கம் தொய்யுது."

"கொஞ்சம் இழு. போதும், போதும். வாசப் பக்கமிருந்து பாத்தா ஜோரா இருக்கு."

ஜமீன் நடுவில் உட்கார்ந்து தூங்கிவிட்டது.

அந்த வாரம் ஒரு காதுகுத்துக்குப் பந்தல் போடச் சொல்லி ஆள் வந்தது. "எங்க வீட்லயே காது விசேஷம் நடக்குதுங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

மழை சொல்லிக்கொண்டா வரும்? அதனால் குட்டி அளவுக்கு ஒரு பந்தல் கட்டினார்கள். ஜமீன் நடந்தால் அந்தப் பந்தலைக் காலுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். அது ஓடினால் ஓடினார்கள். ஒரு முறை ஜமீன் காலைத் தூக்கிப் பந்தல் காலையும் சன்னாசியின் காலையும் சேர்த்து நனைத்தது.

"டாக்டரம்மா காதுல படக் கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்றான் சன்னாசி. நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒச்சப்பன் குனிந்து காதை மோந்தான். முகம் மாறிவிட்டது. மற்றவர்களும் மோந்தார்கள்.

"நம்ம ஜமீன் காது நாறும்ல?"

"நல்லா நாறும்."

"இது நாறலையே."

நான்கு பேரும் குட்டியைப் பார்த்தார்கள். குட்டி வாலை ஆட்டியது.

"அப்ப இது யாரு?" என்றான் சடையாண்டி.

தங்கப்பேச்சி வந்தாள். மோந்து பார்த்தாள். "பரவால்லையே, நாத்தமே இல்ல. நாய் இங்கயே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்க்கா," என்றான் காசிமாயன், கண்ணைத் துடைத்தபடி. "யார் வீட்டுப் பிள்ளையோ. ஒரு வாய் சோறு போடுங்க. நாங்க எங்க ஜமீனைத் தேடிட்டு வர்றோம்."

கண்ணில் பட்ட நாய்களின் காதையெல்லாம் மோந்துகொண்டே போனார்கள். மூன்றாவது தெருவுக்குள் இரண்டு பேருக்குக் கடி விழுந்தது. சன்னாசி திரும்பிப் பார்த்தான். அந்தக் குட்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

"பாவம், இதுவும் ஆளுகளைத் தொலைச்சிருச்சு போல."

காசிமாயன் குனிந்து கேட்டான். "ஒங்காளுக மொத்தம் எத்தனை பேரு?"

குட்டி சடையாண்டியை நக்கியது. ஒச்சப்பனை நக்கியது. சன்னாசியை நக்கியது. கடைசியில் காசிமாயனின் மூக்கை நக்கியது.

"நாலு பேராம்."

"நம்மள மாதிரியே," என்றான் ஒச்சப்பன். "அப்ப மொதல்ல அவங்களைத் தேடுவோம்."