பத்துக்குப் பத்து

மலையடிவாரத்து மடத்தின் அடுக்களையில் சில சொற்களுக்கு இடமில்லை. ‘இல்லை’, ‘போதாது’, ‘முடியாது’ ஆகியவற்றை அடுப்பின் முன் எவரும் சொல்லலாகாது. உப்புத் தீர்ந்தால் ‘உப்பு நிறைந்தது’ என்பார்கள். விறகு தீர்ந்தால் விறகும் நிறைந்ததுதான். இறைவனுக்குப் படைக்கும் சோற்றின்மேல் குறைச்சொல் விழக்கூடாது என்பது அங்கே நெடுநாள் வழக்கம். வாய் தவறியவர் மறுபடி நீராடி வந்து அடுப்பை வணங்கினால் போதும்.

அடுக்களைப் பொறுப்பு கைக்கு வந்ததும் தணிகாசலம் அந்த வழக்கத்தை இறுக்கினார். வாய் தவறியவருக்கு அன்றைக்கு வேலையும் கூலியும் கிடையாது என்றார்.

அவர் சீடராக வந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்கு முன் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவர். குரு நாச்சியம்மையார் அவரைவிட வயதில் இளையவர். அதை அவர் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. எண்ணாததைப் பற்றி உள்ளூரச் சற்றே பெருமையும் உண்டு.

கார்த்திகையில் கூட்டம் பெருகிற்று. மாலையிலும் அன்னமிட வேண்டும் என்று அடியார்கள் கேட்டுக்கொண்டார்கள்.

“அடுக்களையில் இருப்பவர்கள் தாங்குவார்களா?” என்று கேட்டார் அம்மையார்.

“அளந்து சொல்கிறேன், அம்மா.”

“எதை அளப்பீர்கள்?”

“வேலையின் அழுத்தத்தை. ஆலையில் ஆண்டு தவறாமல் அளந்திருக்கிறேன். உடல்நலம், உறக்கம், மனநிறைவு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு. பத்துக்கு எத்தனை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.”

அம்மையார் தலையசைத்தார்.

மறுநாள் காலை தணிகாசலம் அடுக்களை ஆட்களை எரிகிற அடுப்பின் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்.

“உறக்கம் எப்படி, மாசிலாமணி?”

“நல்லாத் தூங்குறேன் சாமி. பத்துன்னு வச்சுக்கங்க,” என்றார் சோறு வடிக்கும் மாசிலாமணி. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. புகையாக இருக்கும் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

“முதுகு?”

“அதுவும் பத்து.”

மாசிலாமணிக்கு எதிரே அண்டாவின் மறு காதைப் பிடிப்பவள் செங்கமலம். அவள் சிரித்தாள். “பத்துக்கு மேல ஏதாச்சும் இருந்தா அதை எனக்குப் போடுங்க சாமி. ஆமா, உங்க பள்ளிக்கூடத்துல பெயிலே கிடையாதா?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் நல்ல அறிகுறியாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

“பத்துக்குப் பத்து, அம்மா,” என்று அம்மையாரிடம் போய்ச் சொன்னார். அன்று மாலையே அடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது.

மாதம் முடிவதற்குள், கஞ்சி வடித்துக்கொண்டிருந்த மாசிலாமணி கண் சொருகிச் சரிந்தார். அண்டா அவர்மேல் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே வெந்துபோயிற்று. தூக்கிக்கொண்டு போனபோது அவர் அலறவில்லை. அடுப்பைக் கடந்து வாசற்படி இறங்கும் வரை தோள்துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கால்கள் மிஞ்சுமா என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரியில் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் தணிகாசலம் அம்மையார் முன் வந்து நின்றார்.

“முறை பிசகாமல்தான் அளந்தேன், அம்மா. மாசிலாமணி பொய் சொல்லிவிட்டார். அளவு எந்த இடத்தில் தவறியது?”

அம்மையார் அடுக்களைப் பக்கம் கைகாட்டினார்.

“நண்பகல் சோறு கொதித்துவிட்டது. மாசிலாமணி பிடித்த காது ஆளின்றிக் கிடக்கிறது. போய்ப் பிடியுங்கள்.”

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். கோணித்துணியை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள் செங்கமலம்.

“காலை அகட்டி வையுங்க சாமி. ஆவி அடிச்சா முகத்தை மட்டும் திருப்புங்க, கால் நகரக்கூடாது. நீங்க நகர்ந்தா எனக்கும் சேர்த்துத்தான்.”

அண்டா சாய்ந்தது. ஆவி எழுந்து முகத்தில் அறைந்தது. கோணித்துணியைத் தாண்டிச் சூடு உள்ளங்கைக்கு வந்தது. விலாவில் ஏதோ பிடித்து இழுத்தது. இதைத்தான் அந்த மனிதர் நாள்தோறும் இரு வேளை செய்தார் என்று தோன்றும்போதே கண் இருண்டது. 

அப்போது அம்மையார் வாயிற்படியில் வந்து நின்றார்.

“எப்படி இருக்கிறீர்கள், ஐயா? பத்துக்கு எத்தனை?”

“நன்றாக இருக்கிறேன், அம்மா.”

“எத்தனை என்றேன்.”

“பத்து.”

இம்முறை செங்கமலம் சிரிக்கவில்லை.

கிணற்றடியில் அவருடைய கைகளில் அவள் தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அம்மையார் அருகில் வந்தார்.

“நான் ஏன் அப்படிச் சொன்னேன், அம்மா?”

“உங்களைத்தான் கேட்க வேண்டும்.”

“அடுப்பின் முன் நின்றேன். கேட்டவர் நீங்கள். வேறு என்ன சொல்ல?” சட்டென்று அவர் முகம் தெளிந்தது. “இடம்தான் பிழை! வெளியே அழைத்து வந்து கேட்டிருக்க வேண்டும்.”

“இப்போது வெளியேதான் இருக்கிறோம். கேளுங்கள்.”

தணிகாசலம் திரும்பினார். “செங்கமலம், ஒளிக்காமல் சொல். முதுகு எப்படி இருக்கிறது?”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். அம்மையார் முகத்தைப் பார்த்தாள். பிறகு தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

“பத்து சாமி.”

தணிகாசலம் அம்மையாரிடம் திரும்பினார்: “அப்படியானால் நான் அளந்ததெல்லாம் வீண்தானா?”

“சரியாகத்தான் அளந்தீர்கள். உங்களிடமும் என்னிடமும் இவர்களுக்குள்ள அச்சம் பத்துக்குப் பத்து. கூட்டம் பெருகுவது எனக்கும் பிடித்திருந்தது. நானும் அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்.”

“இன்றைக்கு மாலை அடுப்பு?”

“எரியாது.”

“அதை யார் சொல்வது?”

“நீங்கள். முதலில் அடுப்பின் முன் நின்று இவர்களிடம் சொல்லுங்கள். முடியாது என்றே சொல்லுங்கள்.”

அவர் அடுக்களைக்குள் போனார். காய் நறுக்கியவர்கள் கத்தியை நிறுத்தி நிமிர்ந்தார்கள். செங்கமலமும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“இன்றைக்கு மாலை...” என்று தொடங்கினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது, சொல் எழும்பவில்லை.

“நிறைஞ்சுதுன்னு சொல்லுங்க சாமி,” என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள் செங்கமலம்.