சுரைக்குடிக்குள் புகுந்த எதிரி

சுரைக்குடியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்த அறிவை யாரும் எடுத்துப் புழங்காததால் அது அப்படியே பத்திரமாக இருந்தது.

அந்த ஊர் வழியாக ஒரு பேச்சாளர் எங்கோ திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். நடுவழியில் வண்டி அச்சு முறிந்துவிட்டது. தச்சர் புது அச்சு செதுக்கி முடிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல், நின்ற இடத்திலேயே பேச ஆரம்பித்தார். "இந்த மண் உங்கள் தாய்! அந்நியன் கால் இதில் படவே கூடாது!" அச்சு தயாரானதும் போய்விட்டார்.

ஊர் கூடி யோசித்தது. அந்நியன் என்றால் யார்? ஒருவரும் ஒரு அந்நியனைக்கூடப் பார்த்ததில்லை. கடைசியில், ஒற்றை வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பீர்க்கங்குடிக்காரர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வேறு யாரையாவது விரோதிக்க வேண்டுமென்றால் ரொம்ப தூரம் நடக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஊரே வரப்பில் வரிசையாக நின்று பீர்க்கங்குடியைப் பார்த்துத் துப்பியது. எதிர்க்காற்று அடித்தது. துப்பியதெல்லாம் அவரவர் முகத்துக்கே வந்து சேர்ந்தது.

"பாத்தீங்களா, அவனுங்க திருப்பித் துப்புறானுங்க!" என்றார் தலையாரி பெத்தணன்.

"அங்க ஆளே இல்லையேய்யா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஒளிஞ்சு நின்னு துப்புறானுங்க. கோழைப் பயலுக!"

துப்ப வராத ஒரே ஆள் சடையாண்டி. அவன் வாய்க்காலில் அடைத்திருந்த சேற்றை அள்ளிக்கொண்டிருந்தான். நாட்டாமை உலகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவனிடம் வந்தார்.

"ஏன்டா, உனக்கு ஊர்மேல பாசமே கிடையாதா?"

"ஊருக்குத் தண்ணி வரலீங்களே நாட்டாமை..."

"தண்ணி கிடக்கட்டும். மொதல்ல பாசம்!"

சடையாண்டிக்குக் கவலை வந்துவிட்டது. வாய்க்காலை நினைத்தால் நெஞ்சு குளிர்ந்தது. கண்மாயை நினைத்தாலும் குளிர்ந்தது. பீர்க்கங்குடியை நினைத்துப் பார்த்தான், ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்குப் போய், நிறைமாதமாக இருந்த மனைவி பூங்காவனத்திடம், "என் நெஞ்சுல காதை வச்சுக் கேளு. ஏதாச்சும் கொதிக்குதா?" என்றான்.

அவள் வெகுநேரம் கேட்டாள். "கொதிக்கல. உங்களுக்குப் பசிக்குது," என்றாள்.

நாலாம் நாள் உச்சிவேளையில் பூங்காவனத்துக்கு வலி கண்டது. சுற்றுவட்டாரத்துக்கே மருத்துவச்சி ஒருத்திதான், ஒச்சம்மாள். அவள் இருந்தது பீர்க்கங்குடியில். சடையாண்டி ஓடிப்போய் அழைத்து வந்தான். வரப்பில் ஊரே வழிமறித்து நின்றது.

"ஆத்தா, அந்நியன் கால் எங்க மண்ணுல படக்கூடாது," என்றார் நாட்டாமை.

"நீ பொறந்தப்ப உன்னைத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டுனதே நான்தான்டா."

"அது பேச்சாளர் வர்றதுக்கு முன்னாடி ஆத்தா."

தலையாரி யோசித்தார். "கால்தானே படக்கூடாது? கையால நடந்து வரட்டுமே!"

"உன் பாட்டன் வந்தானாடா கையால?" என்றாள் ஒச்சம்மாள்.

வீட்டிலிருந்து பூங்காவனம் அலறுவது வரப்புவரை கேட்டது. சடையாண்டிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நடுக்கத்தில் ஒரு யோசனை உதிர்ந்தது.

"நாட்டாமை! அவங்க ஊரு மண்ணை அள்ளி நம்ம தெருவுல போட்டுட்டா, ஆத்தா அதுமேலயே நடந்து வருவாங்க. நம்ம மண்ணுல கால் படாதே!"

ஊர் அசந்துபோனது. கூடையும் மண்வெட்டியும் வீட்டில் இருந்தன. எடுத்துவர நேரமில்லை. பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த பீர்க்கங்குடிக்காரனிடமே இரவல் கேட்டார்கள்.

"எடுத்துக்கங்கப்பா. பிள்ளைத்தாச்சி விஷயம், சீக்கிரம் போங்க," என்று அவனும் நாலு கூடை அள்ளிக் கொடுத்தான்.

"எதிரிகிட்டப் போய் இரவலா?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"திருப்பிக் குடுக்கும்போது ரெண்டு தடவை துப்பிரலாம்," என்று தலையாரி சமாதானம் சொன்னார்.

வரப்பிலிருந்து வீட்டுவரை, வீட்டுக்குள் பிரசவ அறைவரை, இரண்டு சாண் அகலத்துக்குப் பீர்க்கங்குடி மண் பரப்பப்பட்டது. ஒச்சம்மாள் ஊரையே வைதுகொண்டு அதன்மேல் நடந்துபோனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

சடையாண்டி வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தான். அப்போது நாட்டாமை கேட்டார்: "பிள்ளை எந்த மண்ணுமேலடா பொறந்துச்சு?"

எல்லோரும் குனிந்து அந்த இரண்டு சாண் மண்ணையே பார்த்தார்கள்.

"அப்ப அவன் பீர்க்கங்குடிக்காரன்," என்றார் நாட்டாமை. "ஊருக்குள்ள ஒருத்தன் புகுந்துட்டான்யா."

"இப்பவே வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிரணும்!" என்றார் தலையாரி.

சடையாண்டி வாசலை மறித்து நின்றான். "நாட்டாமை, அவன் கால் இன்னும் மண்ணுல படவே இல்லீங்க! தாய் மடியில கிடக்கான். நடக்கவே ஒரு வருசம் ஆகும்!"

நாட்டாமை இதைத் தலைக்குள் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். பேச்சாளர் சொன்னதில் மடியைப் பற்றி ஒன்றுமில்லை. "சரி, கால் படுறவரைக்கும் இருக்கட்டும். ஆனா எதிரி எதிரிதான். முறைப்படி வைதுட்டு வந்துர்றேன்," என்று உள்ளே போனார்.

"டேய் பீர்க்கங்குடிப் பயலே!" என்றார்.

குழந்தை பதிலுக்குக் கத்திய கத்தலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. நாட்டாமை குரலை உயர்த்தினார். அவன் அதற்கும் மேலே போனான். தலையாரியும் சேர்ந்துகொண்டார். பிள்ளை மூத்திரம் பெய்ததில் அவருடைய வேட்டி நனைந்தது. பொழுது சாய்வதற்குள் ஊரே தொண்டை கட்டிப் பின்வாங்கியது.

"இத்தனூண்டு ஆளுக்கு இவ்வளவு வீரமா!" என்று நாட்டாமை கரகரத்த குரலில் வியந்தார். "சமாதானம் பேசுடா சடையாண்டி."

சடையாண்டி உள்ளே போய்ப் பேசினான். பூங்காவனம் பால் கொடுத்தாள். வெளியே வந்து சொன்னான்: "ஒத்துக்கிட்டான் நாட்டாமை. நாம இனி துப்பக் கூடாது, யாரையும் வையக் கூடாது. அவனும் கத்த மாட்டான். இங்கேயே இருந்துக்குவான்."

எட்டிப் பார்த்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கண் கலங்கியது. சுரைக்குடி சரித்திரத்திலேயே முதல் சமாதானம். இதைக் கொண்டாடாமல் விட முடியுமா? வாசலிலேயே எட்டு மேளத்தைக் கொண்டுவந்து வைத்து, ஒரே நேரத்தில் முழக்கினார்கள்.

உள்ளேயிருந்து வீறிட்டு ஒரு அலறல் கிளம்பியது.

நாட்டாமை மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, வருத்தத்தோடு ஊரைப் பார்த்தார்.

"எல்லாரும் சாட்சிய்யா. ஒப்பந்தத்தை மொதல்ல மீறுனது அவன்தான்."