மைனா சேர்த்துச் சொன்ன சொல்

மரமும் அணிலும் மனுஷியும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஊர்க்கோடி இலுப்பை மரத்தில் ஒரு சட்டம் இருந்தது. "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் பொந்தைக் காலி செய்துவிட்டதாக அர்த்தம். முதலில் நுழைகிறவருக்கே பொந்தும் அதில் உள்ளதும். அதனால் இரை தேடப் போகிறவர்கள் வாயே திறக்காமல் பறந்துவிடுவார்கள்.

அந்த மரத்து மைனாவுக்கு மூன்று குஞ்சுகள். ஒருநாள் காலை அது சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தபோது கடைக்குட்டி கண் விழித்து, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்டது. கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் எந்த அம்மா போவாள்?

"வெட்டுக்கிளி பிடிக்கப் போறேன் கண்ணு," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

வீடு கிடைக்காமல் அலைந்த அணில் ஒன்று மேல்கிளையில் இருந்து இதைக் கேட்டது. வாயில் தேங்காய் நாரோடு ஒரே தாவில் உள்ளே போய்ப் படுக்கையும் விரித்துவிட்டது.

மைனா திரும்பி வந்து எவ்வளவோ கெஞ்சியது. அணில் அசையவில்லை. "சொன்னது சொன்னதுதான் அக்கா. பிள்ளைங்களும் இனி எனக்குத்தான்."

சட்டம் அப்படித்தான் என்று கிளியும் காக்கையும் தலையாட்டின. மைனா, பிடித்து வந்த வெட்டுக்கிளியைக் காலடியில் அழுத்திக்கொண்டு எதிர்க்கிளையில் உட்கார்ந்தது.

குஞ்சுகளுக்குப் பசி வந்தது. மூன்று வாயும் திறந்தன. அணில் தன் பங்குக் கொட்டையைக் கடித்து ஊட்டியது, துப்பின. பிறகு அதன் வாலைக் கம்பளிப்பூச்சி என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் கொத்தி இழுத்தன. மூன்றும் கத்திய கத்தலில் மரத்தில் எல்லோருக்கும் காது அடைத்துப்போனது.

உச்சி வெயிலுக்குள் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தது. "இது பொந்தா, வெறும் வாயா? வந்து ஊட்டுக்கா."

"நான்தான் போயிட்டேனே," என்றது மைனா.

"போனவ வரக் கூடாதா?"

"சட்டத்துல இல்லையே."

"இப்பச் சேர்த்துக்கலாம்," என்று கிளியும் காக்கையும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. மைனா வெட்டுக்கிளியோடு உள்ளே பாய்ந்தது. மரம் அமைதியானது.

மறுநாள் காலையும் கடைக்குட்டி அதையே கேட்டது. மைனா அலகைத் திறப்பதற்குள், மேல்கிளையில் புதுக்கூடு கட்டிக்கொண்டிருந்த அணில் பதறிப்போய், "அக்கா, வரேன்னும் சேர்த்துச் சொல்லிடு," என்றது.

"போயிட்டு வரேன் கண்ணு."

மரத்தடியில், இடுப்பில் பிள்ளையோடு இலுப்பைக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த வேலாயிக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அன்றைக்குத் தொற்றிய பழக்கம்தான், வாசல் தாண்டும்போது நம் வாயில் வெறும் "போறேன்" வருவதில்லை. 'கோ' என்றால் 'போ' என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகூட, செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, கோ அண்ட் கம்," என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறது.