மூக்கில்லாத ராஜா

"சாமி, எங்கிட்ட ஒரே ஒரு குறைதான் இருக்கு. அதை எடுத்துட்டா போதும்" என்றார் மாசிலாமணி.

"ஒண்ணுதானா? கொடுத்துவச்ச ஆளு ஓய் நீர்" என்றார் ஓட்டைக்காசுச் சாமியார்.

அந்தப் பெயர் வந்ததற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம். எந்தக் கடையிலும் செல்லாத காசைக் கொண்டுவந்து பக்தியோடு அவர் தட்டில் போடுவார்கள். கடைக்காரனை ஏமாற்ற முடியாது, கடவுளை ஏமாற்றலாம் என்பது நம்மவர் கணக்கு.

சாமியாருக்கு அதில் வருத்தமே இல்லை. தேய்ந்தது, நெளிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் சேர்த்துவைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

தப்பித்தவறி நல்ல காசு விழுந்தால் வறுகடலை வாங்கித் தின்றுவிடுவார்.

மாசிலாமணி அரண்மனை நாணயச் சாலையில் காசு பார்த்தவர். கோணலாக விழுந்த காசைப் பொறுக்கி மறுபடி உலையில் போடுவது அவர் வேலை. காலமெல்லாம் ஒழுங்காகப் பார்த்தார். ஒரே ஒரு செப்புக்காசு மட்டும் கண்ணுக்குத் தப்பி வெளியே போய்விட்டது.

அதில் ராஜாவுக்கு மூக்கு இல்லை.

சந்தையே சிரித்தது. விஷயம் ராஜாவின் காதுக்குப் போனது. வேலை போயிற்று. அதன்பிறகு மாசிலாமணி தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள்கூட மூக்கைத் தொட்டுக் காட்டினார்கள். அவமானம் தாங்காமல் ஊரைவிட்டே வந்துவிட்டார்.

"அந்தக் காசை என் கையால உருக்கணும் சாமி. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும். செல்லாத காசெல்லாம் உங்ககிட்டதான் வந்து சேரும்னு சொன்னாங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டார். மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னத் துருத்தியும் கரியும் இருந்தன.

"இதைத் தூக்கிக்கிட்டா ஊர் ஊரா அலைஞ்சீர்?"

"ஆமா சாமி."

சாமியார் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

மாசிலாமணி கையை விட்டுக் கிளறினார். சட்டென்று ஒன்றை வெளியே எடுத்தார். அதேதான்.

"இத்தனை காசுல எப்படி ஓய் கண்டுபிடிச்சீர்?"

"என் காசு எனக்குத் தெரியாதா சாமி?"

சாமியார் தட்டில் கிடந்த ஒரு நல்ல காசை எடுத்து நீட்டினார்.

"இதுவும் அந்த நாணயச் சாலையில அடிச்சதுதான். நீர் பார்த்து வெளியே விட்டதா, வேற ஆள் பார்த்ததா?"

மாசிலாமணி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெரியலையே சாமி. நல்ல காசெல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்."

"சரி. ஆகவேண்டியதைப் பாரும்."

மாசிலாமணி கரியை மூட்டித் துருத்தியை ஊதினார். நெருப்பு நன்றாகப் பிடித்தது. காசைப் போடக் கையை நீட்டினார். மூக்கில்லாத ராஜா கம்பீரமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"போடலையா?"

மாசிலாமணி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப அந்த நல்ல காசுக்குக் கடலையாவது வாங்கிட்டு வாரும். நெருப்பு வீணாப் போகுது, சூடு பண்ணித் திங்கலாம்."

மாசிலாமணி போய் வாங்கிக்கொண்டு வந்தார். சாமியார் ஒரு கையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மறு கையை நீட்டினார்.

"ராஜாவைப் பெட்டியில போடும் ஓய். எனக்குப் பிடிச்ச காசு அது."

மாசிலாமணி காசை இடுப்பில் முடிந்துகொண்டார்.

"கடலை பூராவும் நீங்களே எடுத்துக்கோங்க சாமி. இது என்னோடது."