மூன்று குஞ்சமுள்ள சால்வை

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். பதில் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் ஆட்களை விட்டுவிட்டுச் சால்வையின் மேல் கண் வைத்திருங்கள். ஆட்களைப் பார்த்தால் எனக்கு வருகிற குமட்டல்தான் உங்களுக்கும் வரும்.

தூத்துக்குடியில் ஒரு மாடிக் கூடத்தில் நாற்பது குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் கூடி ஜெபித்தன. இயேசுவை யெஷுவா என்று அழைத்து, யூதர்களின் மேசியா அவரே என்று நம்பி, யூத முறைப்படி ஓய்வுநாளும் பஸ்காவும் ஆசரிக்கிற சபை அது. தொடங்கியவர் ஆசீர்வாதம், ஓர் உபதேசியாரின் மகன். "நான் யூதன் இல்ல, ஒட்டு வச்ச கிளை" என்று ஒளிக்காமல் சொல்வார். ஆனாலும் முப்பது வருஷம் ஜெபவேளையில் அவர் தோளில் கிடந்தது யூதர்கள் போடுகிற சால்வைதான். வெள்ளைத் துணி, நீலக் கரை, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட குஞ்சம்.

சாவதற்கு முந்தின நாள் மனைவி ஜெயசீலியிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்குப் பிறகு இந்தச் சால்வைய ஒரு யூதர் கையில கொடுத்துரு. என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியும்." அவள் வாக்குக் கொடுத்தாள்.

உடலைக் குளிப்பாட்டியவள் ராகேல். மட்டாஞ்சேரியில் பிறந்த நர்ஸ், சபையில் கடைசி வரிசை. அவள் ஞானஸ்நானம் எடுத்த அன்று தாய்வீட்டார் சட்டையைக் கிழித்துக்கொண்டு, உயிரோடிருக்கிற மகளுக்காக ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்தார்களாம். ஜெயசீலியிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள், அழாமல். குளிப்பாட்டி முடித்ததும் ராகேல் சால்வையை ஆசீர்வாதத்தின் தோளில் போர்த்திவிட்டுக் கத்தரிக்கோல் கேட்டாள். ஒரு மூலைக் குஞ்சத்தை அறுத்து அவர் கைக்குள் வைத்து மூடினாள். நூல் பிரிந்திருக்கும் போல என்று ஜெயசீலி நினைத்துக்கொண்டாள்.

கணவர் கேட்டதை அவள் வெகுளியாகச் சாவு வீட்டிலேயே சொல்லிவிட்டாள். அதுதான் வினையாகிவிட்டது. சால்வை யாருக்கோ அவருக்கே சபைத் தலைமை என்று சபையின் முன்வரிசைக்காரர்களான பொன்னையாவும் தனசிங்கும் முடிவு கட்டிவிட்டார்கள். இருவரும் சேர்ந்து சால்வையைப் பிணத்தின் மேலிருந்து உருவி ஜெயசீலி கையில் திணித்தார்கள்.

"அது அவரோட போகட்டும், அண்ணாச்சி" என்றாள் ராகேல்.

"உனக்கு என்ன தெரியும்? ஒதுங்கி நில்லு" என்றார் பொன்னையா. கணவரின் வெறும் தோளைப் பார்த்தபோது ஜெயசீலிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

எட்டு நாள் அந்த வீட்டில் கூத்துதான். பொன்னையா தன் பெயரைப் பினெகாஸ் என்று யூதப் பெயராக மாற்றிக்கொண்டவர். அப்பாவைப் பெற்ற ஆச்சி கொச்சி யூதச்சி என்று சொல்லி, எச்சிலை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்து, வந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். யூத ரத்தம் பதினோரு சதவீதம். தனசிங்கும் லேசுப்பட்டவர் அல்ல. நாற்பத்தாறு வயதில் விருத்தசேதனம் என்கிற சுன்னத்துச் செய்துகொண்டு, வெளிநாடு போய் யூதக் குருமாரான மூன்று ரபிகள் முன் நின்று, முறைப்படி யூதரானதற்குச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். ஜெயசீலியின் மருமகன் அதை மொழிபெயர்த்து வாசித்தபோது, நடுவில் ஒரு வரி வந்தது: இயேசுவை மேசியா என்று நான் இனி ஏற்பதில்லை.

"அது கை போட்ட கையெழுத்து, அக்கா. மனசு போடல" என்றார் தனசிங், கூசாமல்.

"அப்போ அவங்ககிட்ட பொய் சொன்னியா, எங்ககிட்ட சொல்லுதியா?" என்று கேட்டாள் ஜெயசீலி. தனசிங் பொன்னையா பக்கம் திரும்பி, இவருக்கு விருத்தசேதனம் ஆகியிருக்கிறதா என்று டாக்டரை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். வேட்டிக்குள் இருப்பதை வைத்துக் கடவுளின் ஊழியனைக் கண்டுபிடிக்கப் புறப்பட்ட இந்த இரண்டு பேரையும் துடைப்பத்தால் விரட்டினால் என்ன என்று ஜெயசீலிக்குத் தோன்றியது. வாக்கு மட்டும்தான் அவள் கையைக் கட்டியிருந்தது.

மறு சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவள் சால்வையை மேசையில் விரித்தாள். இரண்டு பேரும் தடவிப் பார்த்தார்கள்.

"ஒரு மூலையில குஞ்சத்தக் காணோம்" என்றார் பொன்னையா.

"டெய்லர்கிட்ட கொடுத்தா வச்சுத் தந்துருவான். அது ஒரு விஷயமா?" என்றார் தனசிங். பொன்னையாவும் தலையாட்டினார். சால்வையை உருவிய பிறகு எட்டு நாளில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கடைசி வரிசையில் ராகேல் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயசீலி அதைப் பார்த்தாள். அறுபட்ட மூலையைத் தொட்டாள். சால்வையை மடித்து எடுத்தாள்.

எச்சிலில் யூத ரத்தம் காட்டியவர் ஒருவர், கையெழுத்தில் சான்று காட்டியவர் ஒருவர், எதையும் காட்டாதவள் ஒருத்தி. ஆசீர்வாதத்துக்குக் கொடுத்த வாக்குத் தப்பாமல் இருக்க, அந்தச் சால்வையை யார் கையில் கொடுப்பது சரி?

விடை: ராகேல் கையில். மட்டாஞ்சேரி கொச்சி யூதர்களின் ஊர்; சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காப்பது யூத வீட்டு வழக்கம், அவள் பிறந்ததே யூதத் தாய்க்கு. யூதர்களில் ஒருவர் இறந்தால், அவர் ஜெபித்த சால்வையில் ஒரு குஞ்சத்தை அறுத்து, அந்தச் சால்வையைப் போர்த்தியே அடக்கம் செய்வது வழக்கம். இனி உயிரோடிருப்பவர் ஜெபிக்க அது உதவாது என்பதற்குத்தான் அறுப்பது. யூதர் என்று மார்தட்டிய இருவரும் அறுபட்ட மூலையைக் கையில் பிடித்துக்கொண்டே டெய்லரைத் தேடினார்கள். பொன்னையாவின் ஆச்சி அப்பா வழி, யூதச் சட்டம் அம்மா வழியைத்தான் பார்க்கும். தனசிங்கின் சான்றிதழ் உண்மையென்றால் அவர் அந்தச் சபைக்கு ஆகாதவர், பொய்யென்றால் அவர் யூதரே அல்ல. ஆசீர்வாதம் கேட்டது வாரிசை அல்ல, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு கையை. அந்தக் கை முதல் நாளே தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஞாயிறு காலை ஜெயசீலியும் ராகேலும் கல்லறைக்குப் போய், அவர் தோள் இருக்கும் பக்கமாக முழ ஆழம் தோண்டிச் சால்வையை வைத்து மண்ணைத் தள்ளினார்கள். மாடிக் கூடத்தில் அந்நேரம் புதுச் சால்வைக்கு ஆர்டர் கொடுப்பது யார் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது.