பால் பொங்குவதற்குள்

பூவலிங்கம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னப்பா இவ்வளவு நேரம்?" என்றார் மடத்தம்மா.

"கருவேலங்குளம் ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சும்மா."

"எம்.பி.க்குமா?"

பூவலிங்கம் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் இல்லை, பாவம்.

சில வருஷங்களுக்கு முன்னால், பிரசவ வலியோடு ஆட்டோவில் வந்த சுடலைவடிவு அந்தக் கேட்டு திறப்பதற்குள் செத்துப்போனாள். அப்போது பூவலிங்கம் எம்.எல்.ஏ. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, இங்கே மேம்பாலம் கட்டாமல் ஓயமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். சட்டசபையில் எழுந்து கேட்டார். அது மத்திய அரசு சமாச்சாரம் என்றார்கள். மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். சரி, அங்கேயே போய்க் கேட்போம் என்று எம்.பி.க்கு நின்று ஜெயித்தும் விட்டார். நாளை மறுநாள் டெல்லியில் முதல் பேச்சு.

"தூக்கம் வரலம்மா. சோறு இறங்கல. சட்டசபைன்னா தெரிஞ்ச முகங்க, கொஞ்சம் கூடுதலாப் பேசினாலும் விடுவாங்க. அங்க நாலு நிமிஷந்தானாம். அதுக்கு மேல போனா மைக்கை அணைச்சிடுவாங்களாம்."

"தமிழ்லதானே பேசப்போற?"

"ஆமா."

"பிறகென்ன பயம்?"

"தெரியலம்மா."

அம்மா சின்னப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். "இது பொங்குறதுக்குள்ள பேசி முடி, பாப்போம்."

பூவலிங்கம் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே! ஏழைகளின் இதயத்துடிப்பாம் எங்கள் தலைவர் அவர்களின் பொற்பாதங்களை வணங்கி..."

குரல் கணீரென்று ஏறியது. அதுவரை இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. தலைவரை வணங்கினார். தலைவரைப் பெற்ற தாயை வணங்கினார். தலைவரின் மகனை, வருங்காலமே என்று விளித்தார். தன் பெயரைச் சிபாரிசு செய்த மாவட்டச் செயலாளருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தபோது, பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அம்மா அடுப்பை அணைத்தார்.

"கருவேலங்குளம் இன்னும் வரலையே."

"இந்தா, இப்ப வரப்போகுதும்மா."

"மைக் அணைஞ்சாச்சு."

பூவலிங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"நேரத்தை நினைச்சு இல்லம்மா பயம்" என்றார் மெதுவாக. "நான் பேசுறதைத் தலைவர் டிவியில பாப்பாரு. அவர் பேரைச் சொல்லாம நேரா பாலத்துக்குப் போனா, டெல்லி போனதும் இவனுக்குத் தலைக்கனம்னு நாலு பேரு அவர்கிட்ட வத்தி வைப்பாங்க. அடுத்த தடவை சீட்டு கிடைக்காது. இத்தனை வருஷம் ஏறி வந்தது அத்தோட போச்சு."

அம்மா அடுப்பைத் துடைத்தார். மிஞ்சிய பாலை டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. தலைவரைப் பத்திப் பேசட்டுமா, வேண்டாமா?"

"தாராளமா பேசு. பேசலைன்னா அவர் கோவிச்சுக்குவார். சுடலைவடிவு கோவிச்சுக்க மாட்டா."