உலகுவைப் பார்க்க ஒரு போன்

கடையத்துக்கு மேற்கே, மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைக்கரையில் ஒரு குடில் இருந்தது. அதில் இருந்த அம்மையாருக்கு அரசி என்று பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முன்பு ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவர். அந்தப் பழக்கமோ என்னவோ, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதையும் ஜன்னல் துவாரம் வழியே நீட்டுவதுபோலச் சுருக்கமாகச் சொல்வார்.

மனசிலுள்ள சந்தேகம் தீர்த்துக்கொள்ள அவரைத் தேடி வந்து தங்கியவர்களில் எல்லோருக்கும் மூத்தவர் நல்லசிவம். நூல் மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் எவ்வளவோ இளையவரான அரசியை அவர் ‘அம்மா’ என்று கூப்பிட்டார். அரசியம்மா அவரை ‘அண்ணாச்சி’ என்றார். இருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஒருநாள் காலையில் அரசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நல்லசிவம் வந்து எதிரே நின்றார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க, அண்ணாச்சி.”

“ஒரே சாமானைப் பத்திப் பாதிப் பேர் தங்கம்ங்காங்க. பாதிப் பேர் குப்பைங்காங்க. ரெண்டு கூட்டமும் அதை வாங்கி வச்சிருக்கிறவங்கதான். யார் சொல்லுறதை நம்புறது?”

“என்ன சாமான்?”

நல்லசிவம் தயங்கினார். எத்தனையோ பேர் பிறவியைப் பற்றியும் பிணியைப் பற்றியும் கேட்ட இடத்தில் இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

“போன்.”

அரசியம்மா சிரிக்கவில்லை. “யார்கிட்டப் பேசறதுக்கு?”

“மககிட்ட.”

குடிலுக்கு வந்த நாளிலிருந்து தமக்கு ஒரு மகள் இருப்பதாக நல்லசிவம் யாரிடமும் சொன்னதில்லை. அரசியம்மா கீரையைத் தள்ளி வைத்தார்.

“உட்காருங்க.”

நல்லசிவம் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு மடை திறந்ததுபோல எல்லாம் வந்தது.

மகளுக்கு உலகம்மாள் என்று பெயர். உலகு என்று கூப்பிடுவார். அவள் தவழ்கிற வயதிலேயே தாய் போய்விட்டாள். குளிப்பாட்டியதும் சோறு ஊட்டியதும் தலை பின்னிவிட்டதும் நல்லசிவம்தான். அவர் பின்னுகிற இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் மேலே ஏறி நிற்கும். பஸ் நிறுத்தத்தில் உலகு ஒரு தோழியிடம் சொல்லி அதை அவிழ்த்துப் பின்னிக்கொள்வதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் தாமே பின்னினார். அவளும் பேசாமல் தலையைக் கொடுத்தாள்.

வளர்ந்த பிறகு அவள் அதே மில்லில் மெக்கானிக்காக இருந்த ஜெபக்குமாரைக் கட்டிக்கொண்டாள். மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து நல்லசிவம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

“இனிமே உன் மூஞ்சியை என் கண்ணுல காட்டாதே.”

சின்ன வயதிலிருந்தே அப்பா சொன்னதைத் தட்டாத பிள்ளை. அதையும் தட்டவில்லை. புருஷனோடு சூரத்துக்குப் போனவள் பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாடசாமி, நல்லசிவத்தின் தங்கை மகன். சமீபத்தில் அவன்தான் ஒரு செய்தி கொண்டுவந்தான்.

“மாமா, உலகு மைனி போன்ல பேசினாக. அப்பா ஒரு டச் போன் வாங்கக்கூடாதா, விலை கம்மியா இருந்தாலும் போதும், அப்பா முகத்தைப் பார்க்கணும்போல இருக்குன்னாக.”

“முகத்தையா? முகம்னா சொன்னா?”

“ஆமா மாமா.”

“இன்னொரு தடவை சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு.”

மாடசாமி இன்னொரு தடவை சொன்னான்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம். பென்ஷனுக்குத் தக்கபடி ஒரு போன் வாங்க வேண்டும். அது நல்ல போனாகவும் இருக்க வேண்டும். காலமெல்லாம் நூலைத் தரம் பார்த்தவர். கையில் உருட்டிப் பார்க்காமல் ஒரு நூல்கண்டைக்கூட வெளியே அனுப்பியதில்லை. மாடசாமி கடையில் உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் வாசிக்க ஆரம்பித்தார். சார்ஜ் ரெண்டு நாள் நிற்கிறது என்று ஒருவர். மத்தியானமே செத்துவிடுகிறது என்று இன்னொருவர். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஒருவர். என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை என்று வேறொருவர். ஒரு போனை முடிவு செய்வார். எழுந்திருக்கும்போது கடைசியாக ஒரு கருத்தை வாசிப்பார். முடிவு கலைந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடக் கேட்டார். அவர்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

“கடைசியில ஒரு மாடல்ல வந்து நிக்கேன். அதுக்கும் இதே கதைதான்,” என்றார் நல்லசிவம்.

“அந்தப் போனை வச்சிருக்கிறவங்க நம்ம பக்கத்துல யாராவது உண்டா?”

“மாடசாமிக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் உண்டு. ஒரு அம்மா கரிச்சுக் கொட்டுதாக. ஒருத்தர் தலையில தூக்கி வச்சு ஆடுதாரு.”

“ரெண்டு பேரையும் போய்ப் பாருங்க. போனைப் பத்திக் கேட்காதீங்க. அதுல யார்கூடப் பேசறாங்கன்னு கேளுங்க.”

இதுவா பதில் என்று இருந்தது நல்லசிவத்துக்கு. இருந்தாலும் போனார்.

கரித்துக் கொட்டுகிற முத்துக்கனி, ஆழ்வார்குறிச்சியில் பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“அந்தப் பீடையை மட்டும் வாங்கிராதீக அண்ணாச்சி. மாடசாமிகிட்டச் சொல்லி ஒத்த நட்சத்திரம் போட வச்சிருக்கேன். மூஞ்சியே தெரியாது. நிழலாட்டம் கருப்பா ஒண்ணு அசையும், அவ்வளவுதான்.”

“யாரு மூஞ்சி?”

“எம் மவன் மூஞ்சி. மங்களூர்ல ஒரு ஹோட்டல்ல அடுப்படியில நிக்கான்.”

அவள் போனை எடுத்து நல்லசிவத்தை ஒரு படம் பிடித்துக் காட்டினாள். அதில் அவருடைய நெற்றித் திருநீறு தெரிந்தது. சவரம் செய்யாத நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“நல்லாத்தானே இருக்கு?”

முத்துக்கனி ஒரு பீடியை நூல் சுற்றிக் கட்டி முடித்தாள். அடுத்த இலையை எடுத்தாள்.

“அவன் லைட்டைப் போட மாட்டேங்கான்,” என்றாள். “முன்னெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் பேசுவான். எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு மேல கொட்டிருச்சுன்னு அவன் கூட்டாளி ஒருத்தன் வாய் தவறிச் சொல்லிட்டான். அதுக்குப் பெறவு இருட்டுலதான் பேச்சு. ஏம்ல இருட்டா இருக்குன்னு கேட்டா, உன் போன் சரியில்லம்மாங்கான்.”

“நீங்க என்ன சொல்வீக?”

“ஆமாலே, இந்தப் போன் சரியில்லதான்னு சொல்லுவேன்.”

நல்லசிவம் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

புகழ்கிற ஆவுடையப்பன் முன்பு லாரி ஓட்டியவர். இப்போது நாலைந்து ஆடுகளை மேய்த்துக்கொண்டு வாய்க்கால் கரையில் இருந்தார். போன் என்றதும் மடியிலிருந்து உருவிக் காட்டினார். திரையின் நடுவே பச்சையாக ஒரு கோடு மேலிருந்து கீழ் வரை ஓடியது.

“இந்தக் காசுக்கு இப்படி ஒரு போன் கிடைக்காது வே. அஞ்சு நட்சத்திரம்தான் போட முடியும்னுட்டான் மாடசாமி. இல்லன்னா வானத்துல உள்ளதைப் பூராவும் போட்டிருப்பேன்.”

நல்லசிவம் அதை வாங்கி ஒரு பாட்டை வைத்துப் பார்த்தார். சத்தமே வரவில்லை. கூட்டினார். அப்போதும் வரவில்லை.

“சத்தம் கேக்கலையே?”

“கேக்கலையா?” ஆவுடையப்பன் வாங்கிக் காதில் வைத்தார். குலுக்கிப் பார்த்தார். “எப்பப் போச்சுன்னு தெரியலையே.”

“அப்ப எப்படிப் பேசுதீக?”

“நான் பேசுறது எந் தங்கச்சிகூட மட்டும்தான். அவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. விருதுநகர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. எங்களுக்குள்ள சின்னப் பிள்ளையிலேருந்து கைப்பேச்சுதான்.” அவர் போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்தார். இரண்டு கையும் விடுபட்டதும் மீசையை முறுக்குவதுபோல விரலை வைத்துக் காட்டினார். “இது நான். அண்ணன்னு அர்த்தம். முன்னெல்லாம் அவகூட ரெண்டு வார்த்தை பேசணும்னா பஸ் ஏறணும். ஒரு தீவாளிக்குப் போக முடியலன்னா அந்த வருசம் பேச்சே கிடையாது. இப்ப ஆட்டை விட்டுட்டு இங்கன உக்காந்தா, பொழுது சாயுற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம்.”

நல்லசிவம் திரும்பி வந்து அரசியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“நல்லாத் தெரியுற போனைத் தெரியலைங்காக. ஊமையாப் போன போனை உலகத்துலயே சிறந்ததுங்காரு. ரெண்டு பேர் சொல்லுறதும் பொய்தானேம்மா?”

“பொய்யா?”

நல்லசிவம் யோசித்தார். “பொய்னு சொல்ல முடியல.”

அரசியம்மா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். “அது என்ன?”

“இது பழைய பட்டன் போன்.”

“பேசினா கேட்குமா?”

“கணீர்னு கேக்கும்.”

“மக நம்பர் தெரியுமா?”

“மனப்பாடம்.”

“அவளுக்குச் சேதி அனுப்பத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு நம்பர் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?”

நல்லசிவம் தரையைப் பார்த்தார்.

“பயமா இருக்கும்மா. கடைசியா அவ கேட்ட என் குரல் அந்தக் குரல்தான். நான் என்ன பேசினாலும் அவ காதுல அதுதான் முதல்ல விழும். முகம்னா அப்படி இல்லல்லா? வயசாயிட்டு. பல்லு ரெண்டு போயிட்டு. பார்த்தான்னா கொஞ்சம் மனசு இளகும். அதான், முகம் நல்லா விழுற போனா ஒண்ணு பார்த்து வாங்கிரலாம்னு…”



“அவ என்ன கேட்டா, அண்ணாச்சி? நல்ல முகம் வேணும்னா கேட்டா?”

“இல்ல. அப்பா முகத்தைப் பார்க்கணும்னா.”

“அப்பா முகம் எந்தப் போன்லயும் விழும்.”

மறுநாள் நல்லசிவம் மாடசாமியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். முத்துக்கனி திட்டுகிற, ஆவுடையப்பன் கொண்டாடுகிற அதே மாடலைக் கேட்டார். கடைக்காரர் வேறு இரண்டை எடுத்துக் காட்டியபோது திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் வைத்து மாடசாமி அழைத்துக் கொடுத்தான். முதலில் ஒரு சுவர் தெரிந்தது. பிறகு ஒரு மின்விசிறி. பிறகு உலகு.

அவள் காதோரம் நரைத்திருந்தது. என் பிள்ளைக்கு நரைத்துவிட்டதே என்று மட்டும்தான் நல்லசிவத்துக்குத் தோன்றியது. உலகுவும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

“அப்பா,” என்றாள் கடைசியில். “போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க. நெத்தி மட்டும்தான் தெரியுது.”

அவர் இறக்கிப் பிடித்தார்.

“இப்ப?”

இத்தனை வருஷங்களுக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இப்பத் தெரியுது,” என்றாள் உலகு. மாடசாமி, யாரோ ஆதார் அட்டை நகல் கேட்டதுபோல வெளியே எழுந்து போனான்.

அதன்பின் நல்லசிவம் தினமும் மகளோடு பேசினார். ஜெபக்குமாரோடும் பேசினார். உலகு வைக்கிற குழம்பைத் திரையில் பார்த்து, தண்ணியா இருக்கே என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். குடிலில் இருந்தவர்கள், அண்ணாச்சிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் அவர் மறுபடியும் அரசியம்மாவிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“அம்மா, இது சரியான போன் இல்லையோன்னு தோணுது.”

“படம் தெரியலையா?”

“தெரியுது.”

“குரல்?”

“நல்லாக் கேக்குது.”

“சார்ஜ்?”

“அதெல்லாம் நிக்குது.”

“பிறகு என்ன?”

நல்லசிவம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பார்க்காம இருந்த காலத்துல இந்த அளவுக்குத் தேடினது இல்லம்மா. எப்பவாவது நினைப்பு வரும். முழுங்கிட்டுப் போயிருவேன். இப்ப அப்படி முடியல. போனை வச்ச உடனே மனசு தேடுது. நேத்துப் பேசும்போது அவளுக்கு இருமல் வந்துட்டு. முதுகைத் தடவிக் குடுக்கக் கை தன்னால போச்சு. கண்ணாடியில போய் முட்டிச்சு. பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கா, தொட முடியல. அவளும் எப்பப்பா வாறீகன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம வச்சிட்டா. ஏக்கம் தீரும்னுல்லா வாங்கினேன்? இது கூட்டிக்கிட்டே போகுது. நான் வேற போன் வாங்கியிருக்கணுமோ?”



“இல்ல, அண்ணாச்சி,” என்றார் அரசியம்மா. “நல்ல போன்தான் வாங்கியிருக்கீங்க.”